கடைசியாகப் போனவர் ஏன் போனார்?

1

என் மகள் வேலை பார்த்த அலுவலகத்துக்கு நான் ஒரு தட்டு நிறையப் பழம் எடுத்துக்கொண்டு போனேன். திண்டிவனத்தில் இருப்பவர்கள் இதைக் கேட்டால், "அதுல இன்னா தப்பு?" என்பார்கள். பாரிஸில் இருக்கும் நம்மவர்கள் கேட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். சிரித்து முடித்ததும், "அப்புறம் இன்னா ஆச்சு?" என்கிறார்கள். அப்புறம் என்ன ஆனது என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அப்பாவின் நினைவுப் பூசைக்காகப் போன மாதம் ஊருக்குப் போய்த் திரும்பியதிலிருந்து இது மனசுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கிறது.

என்னைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒலக்கூர் பக்கம் ஒரு சின்னக் கிராமம். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மண்டியில், அதாவது நிலக்கடலை மண்டியில், மூட்டை வாய் தைக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். கல்யாணம் ஆகும்வரை அங்கேதான். பெண் எடுத்தது பாண்டிச்சேரியில். மாமனார் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர் என்பதால் என் மனைவி ஸ்டெல்லாவுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. 1993-இல், மகள் லூசியா தத்தக்கா பித்தக்கா என்று நடந்துகொண்டிருந்த வயதில், மூன்று பேருமாக இங்கே வந்து சேர்ந்தோம்.

மண்டி முதலாளியிடம் சொல்லிக்கொள்ளப் போனபோது அவர் கேட்டார்: "பிரான்சுக்கா? அங்க மல்லாட்ட வெளையுதாடா?"

"தெரியலீங்க மொதலாளி."

"அதுகூடத் தெரியாமயா கெளம்பிட்ட?"

அவர் விளையாட்டுக்குத்தான் கேட்டார். எனக்கு விமானம் தரையிறங்கும்வரை அதே கவலை. நான் சின்ன வயதிலிருந்தே அப்படி. "கவலப்பட ஒண்ணும் இல்லன்னா, ஏன் ஒண்ணும் இல்லன்னு கவலப்படுவாரு இந்த மனுசன்" என்று ஸ்டெல்லா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவாள்.

2

இங்கே மனிதர்களை இரண்டாகப் பிரித்துவிடலாம். நிரந்தர வேலை ஒப்பந்தம் கையில் உள்ளவர்கள், இல்லாதவர்கள். அதற்கு மூன்றெழுத்தில் ஒரு பெயர் உண்டு, சே-தே-இ. வந்த புதிதில், தங்கும் அனுமதி அட்டையைப் புதுப்பிக்க விடியற்காலையிலேயே போய் அரசு அலுவலக வாசலில் குளிரில் நிற்போம். உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் அம்மாள் நம் முகத்தைப் பார்ப்பதில்லை. சம்பளச் சீட்டுகளைப் புரட்டுவார். அதில் அந்த மூன்றெழுத்து இருந்தால் கை வேகமாகப் புரட்டும். இல்லையென்றால் கை நின்றுவிடும், கூடவே என் நெஞ்சும் நின்றுவிடும். எனக்கு ஓர் ஆஸ்பத்திரிச் சமையல் கூடத்தில் அந்த மூன்றெழுத்து கிடைத்த அன்று, கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தேன். இன்றுவரை அதே சமையல் கூடம்தான்.

லூசியா படித்து முடித்து, ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் சேர்ந்து, தற்காலிகக் காலம் கழிந்து அவளுக்கும் நிரந்தரம் ஆனபோது நான் மறுபடியும் மெழுகுவர்த்தி ஏற்றினேன். "ரெட்டையா ஏத்து, உனக்கும் சேத்து" என்று அவள் சிரித்தாள்.

சிரிப்பு சில மாதம்தான். அப்புறம் பிள்ளை வேலையிலிருந்து வந்ததும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள ஆரம்பித்தாள். சோறு பாதி மீந்தது. சனிக்கிழமைகளிலும் போன் மினுக்கியது. கேட்டால், "ஒண்ணும் இல்லப்பா." எனக்கு ஒரே ஓர் எண்ணம்தான் வந்தது: ஏதோ தப்பு செய்துவிட்டாள், வேலையிலிருந்து எடுக்கப் போகிறார்கள்.

இப்படி ஒரு நிலைமையில் ஒரு தகப்பன் என்ன செய்ய வேண்டும் என்பதை நான் ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன். என்னை மண்டியில் சேர்க்கும் நாளில் அப்பா எவர்சில்வர் தட்டில் வாழைப்பழம், வெற்றிலைப் பாக்கு, எலுமிச்சம்பழம் எல்லாம் வைத்து எடுத்துக்கொண்டு வந்தார். முதலாளி முன்னால் தட்டை நீட்டி, "மொதலாளி, பையன உங்க கையில ஒப்படைச்சிட்டேன். கண்ண மட்டும் வுட்டுட்டு தோல உரிச்சிடுங்க" என்றார். முதலாளி ஒரு பழத்தை எடுத்துக்கொண்டு, தட்டைத் தொட்டுத் திருப்பிக் கொடுத்தார். அவ்வளவுதான், நான் அவர் ஆள். எங்கள் பக்கத்தில் வேலைக்குச் சேர்வது என்றால் அதுதான். தட்டு போன இடத்தில் அடி விழலாம், ஆனால் வெளியே தள்ள மாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை.

ஒரு செவ்வாய்க்கிழமை விடுப்பு எடுத்தேன். ஆப்பிள், ஆரஞ்சு, திராட்சை, ஒரு மாதுளை. வீட்டு எவர்சில்வர் தட்டு. தமிழ்க் கடையில் வெற்றிலைகூடக் கிடைத்தது. அதை மட்டும் வைக்கவில்லை. அந்த அளவுக்குப் புத்தி வேலை செய்தது. லூசியா அன்று வேறு கிளைக்குப் போகிறாள் என்று தெரிந்துகொண்டுதான் கிளம்பினேன்.

வாசலில் காவலாள் தட்டை மூடியிருந்த துணியைத் தூக்கிப் பார்த்து, மறுபடி மூடினார். ஒரு சின்ன அறையில் உட்கார வைத்தார்கள். லூசியாவின் மேலதிகாரி வந்தார். நாற்பதுகூட இருக்காது, வெள்ளைக்காரப் பெண்மணி, மரியாதையான முகம். நான் எழுந்து தட்டை நீட்டினேன். மனப்பாடம் செய்து வைத்திருந்த பிரெஞ்சு வாக்கியம் பதற்றத்தில் பாதி விழுந்துவிட்டது. "ஒப்படைக்கிறேன்" என்று சொல்ல வேண்டிய இடத்தில், "மேடம், என் மகளை உங்களுக்குத் தருகிறேன்" என்று சொல்லியிருக்கிறேன்.

அவர் தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "ஐயா, உங்கள் மகள் போன வாரமே ராஜினாமா கொடுத்துவிட்டாரே, மாதக் கடைசிவரைதான் இங்கே வருவார். உங்களுக்குத் தெரியும் என்று நினைத்தேன்" என்றார்.

நான் தலையாட்டினேன். தெரிந்தவன் மாதிரிதான் ஆட்டினேன். அவர் என்னை வெளியே அழைத்து வந்தபோது, கூடத்தில் ஒரு பெரிய பிரம்புக் கூடை நிறையப் பழம் இருந்தது. வேலை செய்கிறவர்கள் எடுத்துச் சாப்பிடுவதற்காக வாராவாரம் வைப்பார்களாம். பக்கத்தில் மேசைப்பந்து விளையாட ஒரு மேசை. என் தட்டில் இருந்த பழங்களை ஒவ்வொன்றாக எடுத்து அந்தக் கூடையிலேயே வைத்துவிட்டு, தட்டைத் துடைத்து என் கையில் கொடுத்தார் அந்த அம்மாள். நல்ல மனசோடுதான் செய்தார். அந்த வெறும் தட்டை ரயிலில் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

3

அன்று மாலை லூசியா வீட்டுக்குள் வந்தவள் தோள்பையைக்கூட இறக்கவில்லை.

"அப்பா, ஆபீசுக்கு வந்தியா?"

"வந்தேம்மா."

"பழத்தோட?"

"நல்ல பழம்தாம்மா. மாதுளகூட..."

ஸ்டெல்லா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இன்னாடி பழம்?" அவளிடமும் நான் சொல்லியிருக்கவில்லை.

"அம்மா, இவரு தட்டு வெச்சி எங்க மேனேஜருக்கு என்னக் கட்டிக் குடுத்துட்டு வந்திருக்காரு. ஆபீஸ் முழுக்க இதான் பேச்சு."

ஸ்டெல்லா கரண்டியோடு சுவரில் சாய்ந்து சிரித்தாள். லூசியா சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

"நெரந்தரம் ஆச்சேம்மா. அத்த ஏன் வுட்ட?" என்றேன்.

"எம் பக்கத்து மேசையில ஒரு பொண்ணு இருந்தாப்பா. ஒரு நாளு வரல. மறுநாளு அவ மேசையத் தொடச்சி வெச்சிட்டாங்க. எங்க போனா, ஏன் போனான்னு கேட்டேன். 'அத விடு'ன்னாங்க. எல்லாரும் குனிஞ்சி கம்ப்யூட்டரப் பாத்தாங்க. அவ பேரையே யாரும் அப்புறம் சொல்லல. இருந்தவளே இல்லாத மாதிரி."

"அவ போனதுக்கு நீ ஏம்மா..."

"நாளைக்கு நானும் அப்பிடித்தான போவேன்? பழக்கூட வெச்சிருக்காங்க, பந்து வெளையாட மேச வெச்சிருக்காங்க. அங்க யாரும் வெளையாடி நான் பாத்ததில்ல. மீட்டிங்ல ஒரு தப்ப எடுத்துச் சொன்னா, சொன்னவதான் தப்பு பண்ணவ மாதிரி பாக்கறாங்க. சனிக்கெழம ராத்திரி மெயில் வருது, ஞாயித்துக்கெழம காலையில 'பாக்கலையா'ன்னு வருது. எனக்குச் சம்பளம் குறைச்சல் இல்லப்பா. காலையில அந்த லிஃப்ட்ல ஏறும்போது வயித்துல ஒண்ணு புடிக்கும். அதான்." சொல்லும்போது தலையைக் குனிந்துகொண்டாள்.

"வயித்துல புடிச்சா டாக்டர்கிட்ட காட்டலாமேம்மா" என்றேன். அவள் வயிற்றுவலியைச் சொல்லவில்லை என்பது எனக்கே தெரியும்.

லூசியா பையை இறக்கி வைத்தாள். கோபமாகப் பேசியிருந்தால் தேவலை. சாதாரணமாகத்தான் சொன்னாள்: "இனிமே உங்கிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டேன்பா. சொன்னா பயப்படுவ. பயந்தா தட்டத் தூக்கிக்கினு கெளம்பிடுவ."

சொன்னபடியே செய்தாள். அடுத்த வாரங்களில் அவளிடமிருந்து எனக்குக் கிடைத்தது இரண்டே சொல், "ம்", "பாக்கலாம்". பிள்ளைகள் பாஷையில் விலகுவார்கள், சாப்பாட்டில் விலகுவார்கள் என்று இங்கே எல்லாத் தகப்பன்களும் சொல்லிக் கேட்டிருக்கிறேன். என் மகள் நல்ல தமிழ் பேசுகிறவள், மீன்குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவள். அவள் விலகியது என் பயத்தால். அதற்கு யாரைக் குற்றம் சொல்வது?

4

என் வேலை என்னவென்று ஊரில் சிலர் கேட்பதுண்டு. ஆஸ்பத்திரி நோயாளிகளின் சாப்பாட்டுத் தட்டுகள் ஒரு நகரும் பட்டையில் வரும். நான் சூப்புக் கிண்ணமும் ரொட்டியும் வைப்பேன். உப்பில்லாதவருக்கு ஒரு நிற அட்டை, சர்க்கரைக்காரருக்கு வேறு நிற அட்டை. மாற்றி வைத்துவிடக் கூடாது. அதனால் கவலைப்படுகிற ஆளுக்கு ஏற்ற வேலை என்றுதான் சொல்ல வேண்டும். என்னோடு அந்தப் பட்டையின் எதிர்ப்பக்கம் நிற்பவர் மாலி நாட்டுக்காரர், என் வயதுதான்.

லூசியா வேலைக்குப் போக ஆரம்பித்த புதிதில் ஒருநாள் என்னிடம் கேட்டாள்: "அப்பா, உனக்கு உன் வேல புடிக்குமா?"

நான் பதறிப்போய், "ஏன், யாராவது ஏதாவது சொன்னாங்களா?" என்றேன்.

அவள் வெகுநேரம் சிரித்தாள். எனக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. மண்டியில் எங்களுக்கு வேலையைப் பற்றி இருந்தது இரண்டே அளவுகோல்கள். சனிக்கிழமை கூலி வந்ததா, முதலாளி இன்றைக்கு என்ன மூடில் இருக்கிறார். முதலாளி வந்து செருப்பைக் கழற்றும் சத்தத்திலேயே இரண்டாவதைக் கண்டுபிடித்துவிடுவோம். பொங்கலுக்கு வேட்டி கொடுப்பார், கல்யாணத்துக்கு வெள்ளிக் குங்குமச்சிமிழ் கொடுத்தார், மூட்டை கிழிந்தால் பொடனியில் அறைவார். எல்லாம் ஒரே கைதான். பிடிக்குமா பிடிக்காதா என்று அதைப் பிரித்துப் பார்த்ததில்லை.

எங்கள் மண்டியில் யாரும் ராஜினாமா செய்ததும் கிடையாது. "நின்னுட்டான்" என்பார்கள். ஏழுமலை என்று ஒரு மூட்டை தூக்கி இருந்தார். எங்களில் அவர் பாட்டுதான் கேட்கும். ஒரு நாள் நின்றுவிட்டார். "ஏழுமலை எங்கய்யா?" "நின்னுட்டான்." அத்தோடு பேச்சு முடிந்தது, மூட்டையைக் குத்தித் தூக்கும் அவர் கொக்கியை இன்னொருவர் எடுத்துக்கொண்டார். லூசியா அந்தத் துடைத்த மேசையைப் பற்றிச் சொன்னபோது எனக்கு அந்தக் கொக்கிதான் ஞாபகத்துக்கு வந்தது. அவளிடம் சொல்லலாம் என்று நினைத்தேன். அதற்குள் அவள் அறைக்குள் போய்விட்டிருந்தாள்.

5

ஊருக்குத் தனியாகத்தான் போனேன். ஸ்டெல்லாவுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. கிராமத்துக் கோயிலில் அப்பாவுக்குப் பூசை முடிந்து, திண்டிவனத்தில் தங்கை பிலோமினா வீட்டில் தங்கினேன். அவள் கணவர் லாரி ஓட்டிக்கொண்டு வடக்கே போயிருந்தார். வீட்டில் அவளும் மகன் அலெக்ஸும்தான். அலெக்ஸுக்கு லூசியாவின் வயது. மெக்கானிக் டிப்ளமா படித்தவன்.

சாப்பாட்டை எடுத்து வைத்ததுமே பிலோ ஆரம்பித்தாள். "ண்ணா, நீயே கேளு இவன. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பெரிய கம்பெனி, வுட்டுட்டான். விழுப்புரத்துல பைக் ஷோரூமு, அதையும் வுட்டுட்டான். வேலைய வுடறதையே ஒரு வேலையா வெச்சிக்கினு கீறான்."

"அதுக்குச் சம்பளம் குடுத்தா நல்லாத்தான் இருக்கும்" என்றான் அலெக்ஸ், அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே.

"பாத்தியா வாயி!"

நான் அதுவரை ஒன்றை உறுதியாக நம்பியிருந்தேன். லூசியா இப்படி ஆனது பிரான்சினால், ஊரில் வளர்ந்திருந்தால் வாயை மூடிக்கொண்டு வேலை பார்த்திருப்பாள் என்று. அங்கே போய்ப் பார்த்தால், திண்டிவனம் மார்க்கெட்டுக்குப் பின்னால் பிறந்து வளர்ந்தவன் அதே கதையை அப்பளத்தோடு சொல்கிறான்.

"பைக் ஷோரூம ஏன்டா வுட்ட?" என்றேன்.

"ஞாயித்துக்கெழம லீவு கேட்டேன் மாமா. 'கோயிலுக்குப் போறியா, இல்ல ஊர் சுத்தப் போறியா'ன்னு கேட்டாரு மேனேஜரு. நான் கோயிலுக்குப் போறனா இல்லையான்றது வேற. அத்த அவுருகிட்ட நிரூபிச்சிட்டுத்தான் லீவு வாங்கணுமா?"

"இவன் கோயிலுக்கும் போறதில்ல" என்றாள் பிலோ.

"அதான் சொல்றேனே, அது வேற."

இப்போது விழுப்புரத்தில் ஒரு டிராக்டர் உதிரிபாகக் கடையில் அவனைக் கூப்பிட்டிருந்தார்கள். பெரிய கடை, பின்னால் பட்டறையும் உண்டு. ஆனால் பெரியவர்கள் யாரையாவது அழைத்துக்கொண்டு வரச் சொல்லியிருந்தார் முதலாளி. "அவங்கப்பா இல்ல. நீதான் மாமன், நீ போயி நிக்கணும். பாரீசுலேர்ந்து வந்திருக்காங்கன்னா ஒரு மதிப்பு. தட்டு பழம் எல்லாம் நான் வாங்கி வெச்சிடறேன்" என்றாள் பிலோ.

அலெக்ஸ் தலையைக் குனிந்து சோற்றைப் பார்த்தான். தோள் குலுங்கியது.

"இன்னாடா சிரிப்பு?"

"ஒண்ணும் இல்ல மாமா. மாதுள வாங்க வேணாம்னு சொல்லலாமான்னு பாத்தேன்."

எனக்குக் காது சூடானது. "லூசி சொன்னாளா?"

"தட்டோட ரயில்ல உக்காந்திருந்தத ஸ்டெல்லா அத்தைகிட்ட சொன்னீங்களாமே, லூசி அதுவரைக்கும் சொல்லிச்சி. நாங்க தெனமும் பேசுவோம் மாமா. எந்தக் கம்பெனி எப்பிடி, யாரு எப்பிடிக் கேள்வி கேட்டாங்க, எல்லாம் பேசுவோம். போன வாரம்கூட ஒரு எடத்துக்கு இன்டர்வியூக்குப் போயிருந்துச்சே, அத்தக்கூட..." என்றவன் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "உங்களுக்குத் தெரியாதா?"

நான் தலையாட்டினேன். மறுபடியும் தெரிந்தவன் மாதிரி. என் மகள் எங்கே போனாள், என்ன கேட்டாள் என்பது திண்டிவனத்தில் இருக்கிறவனுக்குத் தெரிகிறது. அடுத்த அறையில் படுத்திருந்த எனக்குத் தெரியவில்லை. சோறு இறங்கவில்லை. பிலோ, "காரமா ண்ணா?" என்று மோரை எடுத்து வைத்தாள்.

6

மறுநாள் விழுப்புரம் போகும் பஸ்ஸில் அலெக்ஸிடம் கேட்டேன், ஓர் இடம் நல்ல இடமா இல்லையா என்று சேருவதற்கு முன்னால் எப்படித் தெரிந்துகொள்வார்கள் என்று.

"மொதல்ல நெட்ல ஸ்டார் பாப்பேன் மாமா. அத்த நம்ப முடியாது, அவங்களே போட்டுக்குவாங்க. அப்புறம் சாயங்காலமா போயி எதிர்ல டீக்கடையில உக்காந்துக்குவேன். வேல முடிஞ்சி ஆளுங்க வெளிய வருவாங்க இல்ல, அப்ப பாக்கணும். பேசிக்கினு வர்றாங்களா, தலையத் தொங்கப் போட்டுக்கினு தனித்தனியா வர்றாங்களான்னு."

"இந்தக் கடையப் பாத்தியா?"

"பாத்தேன். பட்டறைக்காரங்க பேசிக்கினு வர்றாங்க. கவுண்டர்ல இருக்கறவங்க பேசாம வர்றாங்க. எனக்குக் குடுக்கற வேல கவுண்டரு." கொஞ்சம் யோசித்தான். "லூசி இன்னொண்ணு கேக்கும். இன்டர்வியூல கடைசியா, 'உனக்கு ஏதாச்சும் கேக்கணுமா'ன்னு சொல்லுவாங்க இல்ல? அப்ப, 'இந்த வேலையில எனக்கு முன்னாடி இருந்தவங்க ஏன் போனாங்க'ன்னு கேக்கும். அதுக்கு எப்பிடிப் பதில் சொல்றாங்களோ அதான் அந்த ஆபீஸு, அப்பிடிங்கும். எனக்கு அந்தத் தைரியம் வர்ல மாமா. நம்ம ஊர்ல கேட்டா எழுந்து போடான்னுவாங்க."

கடை புதிய பேருந்து நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான். முதலாளி என் வயதுக்காரர், வெள்ளைச் சட்டை, காதில் பேனா. அலெக்ஸை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு எனக்கு மட்டும் நாற்காலி போட்டார்.

"பாரீசுங்களா? குளிருங்களா அங்க?"

"குளிருதாங்க."

"உக்காருங்க, உக்காருங்க. பையனப் பத்தி விசாரிச்சோம். கை சுத்தம்னாங்க. வாய்தான் கொஞ்சம்னாங்க."

தட்டை மேசைமேல் வைத்தேன். வாழைப்பழம், ஆப்பிள், வெற்றிலைப் பாக்கு. அப்பா சொன்ன வார்த்தைகள் அப்படியே நாக்கு நுனிக்கு வந்துவிட்டன. "பையன உங்க கையில..." என்று ஆரம்பித்தும் விட்டேன். ஓரமாக நின்ற அலெக்ஸைப் பார்த்தேன். அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். கூச்சத்தில்தான். ஆனால் அந்தத் தலை குனிந்த விதம், லிஃப்ட்டில் ஏறும்போது வயிற்றில் பிடிக்கும் என்று லூசியா சொன்னபோது எப்படிக் குனிந்தாளோ அப்படியே இருந்தது.

"ஒண்ணு கேக்கலாங்களா?" என்றேன். என் குரல் எனக்கே சன்னமாகக் கேட்டது. "தப்பா எடுத்துக்கக் கூடாது."

"கேளுங்க."

"இந்த வேலையில இவனுக்கு முன்னாடி இருந்த பையன்... ஏங்க நின்னுட்டான்?"

கவுண்டரில் பில் போட்டுக்கொண்டிருந்த பெண் கையை நிறுத்தினாள். தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு ஓடிவிடலாமா என்றிருந்தது. பிலோவிடம் என்ன சொல்வேன், பையன் பிழைப்பைக் கெடுத்துவிட்டேனே என்று மனசு எங்கெங்கோ போனது.

"எதுக்குக் கேக்கறீங்க?" என்றார் முதலாளி.

"எம் பொண்ணு எங்க வேலைக்குப் போனாலும் இதத்தாங்க கேக்குது. எனக்கும் தெரிஞ்சிக்கணும்னு தோணுச்சி. எங்கப்பா என்ன மண்டியில சேக்கும்போது கேக்கல. கேக்கணும்னு அவுருக்குத் தெரியாது."

முதலாளி காதிலிருந்த பேனாவை எடுத்து மேசைமேல் வைத்தார். அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவள் சட்டென்று பில் புத்தகத்தைப் பார்த்தாள்.

"அந்தப் பொண்ணக் கேட்டா சொல்லும். அது சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன்" என்றார். "கஸ்டமரு எதிர்ல வெச்சித் திட்டிட்டேன். பேரிங் மாத்திக் குடுத்துட்டான்னு. அப்புறம் பாத்தா எழுதிக் குடுத்ததே தப்பு, நான் எழுதுனது. மறுநாளு அவன் வர்ல. போன் பண்ணேன், எடுக்கல. எனக்குக் கோவம் வரும் சார். வந்தா எதிர்ல யாரு நிக்கறாங்கன்னு பாக்கறதில்ல. பட்டறைப் பசங்களுக்குப் பழகிப்போச்சி, அவங்க திருப்பிக் குடுப்பாங்க."

அப்போது அலெக்ஸ் ஓரத்திலிருந்து முன்னால் வந்தான்.

"சார், திட்டறதா இருந்தா என்ன உள்ள கூப்ட்டுத் திட்டுங்க. தப்பு எம்மேல இல்லன்னா நானும் உள்ளயே சொல்லிடறேன்."

முதலாளி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "திட்டே வாங்க மாட்டேன்னு சொல்றானா பாரு" என்று சிரித்தார். "ஞாயித்துக்கெழம லீவு. திங்கக்கெழம வந்துடு." பிறகு தட்டிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு, "இந்தாம்மா, நீயும் ஒண்ணு எடுத்துக்கோ" என்று தட்டைக் கவுண்டர் பெண்ணிடம் நகர்த்தினார். அவள் ஆப்பிளை எடுத்துக்கொண்டாள்.

7

திரும்பும் பஸ்ஸில் அலெக்ஸ் போனை வாய்க்குக் கிட்டே பிடித்து என்னென்னவோ சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தான். விக்கிரவாண்டி தாண்டுவதற்குள் என் போன் அடித்தது. லூசியா. ஊருக்கு வந்ததிலிருந்து அவளாகக் கூப்பிட்டது அதுதான் முதல்முறை.

"அப்பா, நெஜமாவே கேட்டியா?"

"கேட்டேம்மா."

"பயமா இல்லையா?"

"இருந்துச்சி. தட்டத் தூக்கிக்கினு ஓடிடலாமான்னுகூடப் பாத்தேன்."

அப்புறம் அவளே சொல்ல ஆரம்பித்தாள். ஒரு சின்ன இடமாம், முதியோர்களுக்கு வீட்டு உதவிக்கு ஆள் ஏற்பாடு செய்கிற அலுவலகம். "நானும் அங்க கேட்டேன்பா. ரெண்டு பேரு உக்காந்திருந்தாங்க. ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாத்துக்கினாங்க. அப்புறம் அந்தம்மா சொன்னாங்க, 'ஒரு வேல சொல்லிக் கூப்ட்டோம், வேற வேல குடுத்தோம். அவரு சலிச்சிப்போயி நின்னுட்டாரு, தப்பு எங்களுது'ன்னு. அவரு பேரயும் சொன்னாங்க. அதான் சரின்னுட்டேன்."

நிரந்தரமா என்று கேட்க வேண்டும். அந்த மூன்றெழுத்து தொண்டைவரை வந்து நின்றது. கண்ணாடிக்குப் பின்னால் சம்பளச் சீட்டைப் புரட்டும் கைகூடக் கண்ணுக்குத் தெரிந்தது. விழுங்கினேன்.

"சாயங்காலம் ஆளுங்க வெளிய வரும்போது பாத்தியா? பேசிக்கினு வர்றாங்களா?" என்றேன்.

"பாக்கலியே." சிரித்தாள். "நீ வா. ரெண்டு பேருமா போயி எதிர்ல உக்காந்து பாக்கலாம். பழம் மட்டும் வேணாம்."

நான் பாரிஸ் திரும்பிய மூன்றாம் நாள் போனோம். அந்த அலுவலகத்துக்கு எதிரே ஒரு காபிக் கடை. கண்ணாடியோரமாக உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் ஒருவர் தனியாக வந்து சிகரெட் பற்ற வைத்தார். எனக்குப் பகீரென்றது. அப்புறம் இரண்டு பெண்கள் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தார்கள். சிகரெட்காரர் அவர்களுக்காகத்தான் காத்திருந்திருக்கிறார், மூன்று பேருமாக நடந்தார்கள். நான் மூச்சை விட்டேன்.

லூசியா வாசலைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ எப்பிடிப்பா வெளிய வருவ, உன் ஆஸ்பத்திரியிலேர்ந்து?"

இந்த முறை நான் பதறவில்லை. யோசித்துப் பார்த்தேன். மூன்று மணிக்குக் கையுறையைக் கழற்றி, மேல்சட்டையை மாட்டி, பின்வாசல் வழியாக, பஸ் நிறுத்தம் வரைக்கும்.

"எதிர்ப்பக்கம் நிக்கற மாலிக்காரரும் நானும் வருவோம். எம் பிரெஞ்சு அவருக்கு வெளங்காது. அவரு பிரெஞ்சு எனக்கு வெளங்காது" என்றேன். "ஆனா, பேசிக்கினேதாம்மா வருவோம்."